ஒன்பது படங்களின் முதுகில் நான் எழுதிய பெயர்

எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி ஒன்று நம் சமவெளித் தோட்டங்களில் உண்டு. ஆடுதின்னாப்பாளை என்னும் கசப்புக் கொடியில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சி வேறொன்று. முன்னதன் பெண்பூச்சிகளிற் பல, பின்னதன் கோலத்தையே கொண்டு பிறக்கின்றன. இரண்டுக்கும் இறக்கை கறுப்பு. பின்னிறக்கையின் நடுவில் வெள்ளைத் திட்டு. விளிம்பில் சிவந்த பிறைகள். இரண்டுக்கும் வால் உண்டு. அருகருகே வைத்தாலும் இறக்கையைக் கொண்டு பிரித்துச் சொல்வது அரிது. உடம்பைப் பார்க்க வேண்டும். எலுமிச்சைக்காரியின் உடம்பு முழுக்கக் கறுப்பு. பாளைக்காரியின் தலையும் விலாவும் இரத்தச் சிவப்பு.

இவ்வளவுதான் வேறுபாடு. இதனை அறியாமையால் அன்று, அறிந்திருந்தும் கண்ணை விட்டுப் படத்தை நம்பியதால், என் இருபத்து மூன்றாம் வயதில் ஒரு குடும்பத்தை நஞ்சின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த வாரம் நான் அனுபவித்த பயத்தை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

இராசிபுரத்தில் தறி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவன் நான். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. மேட்டூரில் அணை எழும்பி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த காலத்தில், நாமக்கல்லில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்கு அமர்ந்தேன். கல்வி குறைந்தவன் என்ற எண்ணம் என்னுள் முள்ளாகக் கிடந்தது. மருந்துப் புட்டிகளின் மேலிருந்த ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். பழைய பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளைப் பார்த்து எழுதிப் பழகினேன். ஒன்று தெரியாது என்று சொல்ல நேர்ந்தால், அன்று முழுவதும் சோறு இறங்காது. ஆதலால் தெரியாது என்ற சொல்லையே வாயிலிருந்து விலக்கி வைத்திருந்தேன்.

அவ்வேளையில்தான் விவசாய இலாகாவின் அதிகாரி ஒருவர் சேலத்திலிருந்து எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தார். நாமக்கல்லுக்கும் எருமப்பட்டிக்கும் இடையிலுள்ள எலுமிச்சைத் தோட்டங்களில் புழு விழுந்து இளங்கன்றுகளை மொட்டையடித்துக் கொண்டிருந்தது. எந்தெந்தத் தோட்டத்தில் அந்தப் புழுவின் தாய்ப்பூச்சி திரிகிறது என்பதை அவர் அறிய வேண்டும். ஒவ்வொரு தோட்டத்துக்கும் போக அவருக்கு நேரமில்லை. பூச்சிகள் செடியில் அமர்ந்திருக்கும்போதே படமெடுத்து, படத்தின் பின்புறம் தோட்டத்தையும் பூச்சியின் பெயரையும் எழுதித் தர வேண்டும் என்றார். இரண்டு பூச்சிகளையும் வர்ணத்தில் தீட்டிய தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"சிவப்பு உடம்பு என்றால் விட்டுவிடு. கறுப்பு என்றால் அந்தத் தோட்டத்துக்கு மருந்து. புரிந்ததா?"

"புரியுதுங்க சார்."

"இங்கிலீஷ் படிப்பாயா?"

"படிப்பேனுங்க சார்" என்று பொய் சொன்னேன்.

அவர் உற்சாகமானார். "இந்தச் சிவப்பு உடம்புக்காரி இருக்கிறாளே, இவள் கசப்பு. பட்சிகள் தொடாது. அதனால் மற்றவள் இவளுடைய புடவையைக் கட்டிக்கொண்டு திரிகிறாள். பட்சியை ஏமாற்றலாம். காமிராவை ஏமாற்ற முடியாது, பார்."

அவர் சென்றபின் முதலாளி என் தோளில் தட்டினார். "கவருமெண்டு வேலைடா. பூச்சி கண்ணை மூடிக்கிச்சுன்னா இன்னொரு பிளேட்டு போட்டுக்கோ. வஞ்சகம் பண்ணாதே."

பறக்கும் பூச்சியை அக்காலத்துக் காமிராவில் பிடிக்க இயலாது. ஆயினும் இவை மாலையில் கூட்டமாக வேலிமுள்ளில் வந்து தொங்கி உறங்குபவை. விடிந்தபின்னும் பனியில் நனைந்த இறக்கை உலரும்வரை அசையா. அந்தச் சிறு பொழுதே எனக்குரியது. வாடகைச் சைக்கிளில் காமிராவையும் அதன் மூன்றுகால் சட்டத்தையும் கட்டிக்கொண்டு இருள் பிரியும் முன்னே புறப்படுவேன். அந்த மாதத்தில் பத்துப் பன்னிரண்டு தோட்டங்கள் பார்த்தேன்.

எருமப்பட்டிப் பக்கம் இருந்த ஒரு தோட்டம் ஐம்பது வயதான அம்மையார் ஒருவருடையது. கணவரை இழந்தவர். மகன் மேட்டூரில் வேலையாயிருந்தான். மருமகள் மூன்று மாதக் குழந்தையுடன் தாய்வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். கிணற்றடியில் இரண்டு கறிவேப்பிலை மரங்கள், அதையடுத்து எலுமிச்சை வரிசைகள், கடைசியில் முள்வேலி. வேலியின் அடியில் ஆடுதின்னாப்பாளை தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது.

நான் சட்டத்தை நிறுத்துவதை அந்த அம்மையார் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

"ஏனுங் தம்பி, பூச்சியப் படம் புடிக்கறதுக்குக் கவருமெண்டுல சம்பளங்கூடக் குடுக்கறாங்களா?"

"ஆமாங்கம்மா."

"அப்ப என்ற பேரன ஒண்ணு புடிங்க. இந்தக் கருமத்த விட அவன் லச்சணமா இருப்பான். பறந்தும் போக மாட்டான்."

உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது. "ஏனுங்கத்தை, அவன் ஒரு நிமிசம் ஆடாம இருப்பானாக்கும்?"

"உன்ற மகந்தானே அம்மிணி? எப்படி இருப்பான்!"

நானும் சிரித்தேன். வேலியில் தொங்கிய பூச்சிகளின் விலா சிவந்திருந்ததை அப்போது என் கண் பார்த்தது. பார்த்தது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. எனினும் குறிப்பேட்டில் தோட்டத்தின் அடையாளத்தையும் படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டின் எண்ணையும் மட்டும் எழுதினேன். படமே கையில் இருக்கப்போகிறது, நிறத்தை எழுதுவானேன் என்பது என் எண்ணம்.

மூன்று வாரம் கழித்து எல்லாப் படங்களையும் மேசையில் பரப்பி, அதிகாரியின் தாளைப் பக்கத்தில் வைத்துப் பெயரெழுத உட்கார்ந்தேன். அந்தத் தோட்டத்துப் படங்கள் ஒன்பது. ஒன்பதிலும் உடம்பு கறுப்பாகவே விழுந்திருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், கறுப்பேதான். இறக்கை விளிம்பில் இருக்க வேண்டிய பிறைகள் ஒன்றிலும் தெரியவில்லை. அவை எங்கே போயின என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒன்பதின் முதுகிலும் எலுமிச்சைப் பூச்சி என்று தெளிவாக, கையெழுத்துப் போட்டியில் எழுதுவதுபோல எழுதினேன். அதிகாரியின் பதில் ஒரு வாரத்தில் வந்தது. அந்தத் தோட்டம் முழுவதும், கறிவேப்பிலை உட்பட, வெள்ளிக்கிழமை காலையில் பாஷாணக் கரைசல் அடிக்க உத்தரவாகியிருந்தது. என் வேலை துல்லியமானது என்றும் ஒரு வரி இருந்தது. அதை முதலாளி இரண்டு முறை உரக்கப் படித்தார்.

திங்கட்கிழமை பகலில் இருட்டறையில் ஒரு கலியாண ஜோடியின் பிளேட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். பெண் கட்டியிருந்தது செக்கச் சிவந்த கூறைப்புடவை. நெற்றியில் அகலமான குங்குமம். தாளில் ஏற்றியபோது புடவை கறுத்தது. குங்குமம் கரிப்பொட்டாயிற்று. இது எனக்குப் புதிதன்று. குங்குமம் கறுத்து விழும் என்பதும், பெண்வீட்டார் சடைத்துக்கொள்வார்கள் என்பதும் ஸ்டூடியோவில் உழைக்கிற எவருக்கும் தெரியும். பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. தெரியாத காரணத்தாலன்றோ சிவப்பு விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு அதைக் கழுவுகிறோம்? அந்த விளக்கின் கீழ்தான் அந்த நொடியில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

தட்டு சாய்ந்து மருந்து சட்டையில் கொட்டியது. ஒன்பது படங்களும் கண்முன் வந்தன. கறுத்த உடம்பு, காணாமற்போன பிறைகள். சிவந்தவை அனைத்தும் கறுப்பில் கரைந்துவிட்டன. மற்றத் தோட்டங்களில் நான் காணாத ஆடுதின்னாப்பாளை அங்கே வேலியடியில் படர்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தது. அந்தத் தோட்டத்துப் பூச்சி எலுமிச்சையைத் தொடாத பூச்சி. நான் அங்கே பாஷாணத்தை வரவழைத்திருக்கிறேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"வாயத் தொறந்தே, தொலைஞ்சே. கவருமெண்டு வேலை போயிடும். மருந்துதானே அடிக்கறாங்க? மரம் செத்தா போயிடும்? ஒரு மாசத்துல மழையில கரைஞ்சு போயிடும். கம்முனு இரு."

கம்மென்று இருந்தேன். அவருடைய கோபத்துக்கு அஞ்சினேன். அதிகாரியின் முகத்துக்கு அஞ்சினேன். எல்லாவற்றிலும் மேலாக, படிக்காதவன் கையில் கொடுத்தது தப்பு என்று அவர் சொல்லப்போகும் ஒரு வாக்கியத்துக்கு அஞ்சினேன்.

சந்தை நாளில் அந்த அம்மையாரைக் கடைவீதியில் கண்டேன். எலுமிச்சைக் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். ஒதுங்கிப் போக முயன்றேன். அவர் விடவில்லை.

"படக்காரத் தம்பி! ஏன் ஓடறீங்க? பூச்சி தொரத்துதா?"

அருகில் சென்றேன்.

"வெள்ளிக்கிழமை மருந்தடிக்க வாராங்களாமா. ஒரு மாசத்துக்குக் காய் பறிக்கப்படாதாம், கருவப்பிலை கிள்ளப்படாதாம். நல்ல கூத்து! கருவப்பிலை இல்லாம என்னத்தத் தாளிக்கறது?"

"அது பாஷாணமுங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அட, போச்சாது போங்க. மூணு தண்ணி ஊத்திக் கழுவிப் போட்டா ஆச்சு. என்ற மருமவளுக்குக் கருவப்பிலை இல்லாம ரசம் எறங்காது. பால் குடுக்கறவ, வாய்க்கு ருசியாச் சாப்பிடோணுமில்ல?"

கழுவினால் போகாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த மருந்து இலையில் ஒட்டிக்கொள்வதற்கென்றே கூட்டப்பட்டது என்பதை அதிகாரியின் வாயால் கேட்டவன் நான். பூச்சியின் பெயரைப் பிழையாக எழுதியது நான்தான் என்றும் சொல்லியிருக்கலாம். அம்மையார் இரண்டு எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்து, "வெயில்ல மூஞ்சி வெளுத்துக் கெடக்குது, பிழிஞ்சு குடிங்க சாமி" என்றார். அப்பழங்களை எங்கே போட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வந்தவன் ஸ்டூடியோ வாசலிலேயே அரை மணி நேரம் நின்றேன். போனால் வேலை போகும் என்று ஒரு கால் பின்னே இழுத்தது. மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவும் அந்தக் கைகள் மறுபக்கம் இழுத்தன. ஒருவாறு ஏறி மிதித்தேன். அந்த அரை மணி நேரத்தை நான் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துக்குள் நுழைந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. இலாகாவின் மேஸ்திரி முதுகில் பித்தளைப் பம்பைக் கட்டிக்கொண்டு முதல் எலுமிச்சை வரிசையில் கால் வைத்திருந்தார். கிணற்றடிக் கறிவேப்பிலை மரங்கள் இரண்டிலும் இலைதோறும் வெண்புள்ளி காய்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

"ஆருங்க நீங்க?"

"படமெடுத்தவன். பூச்சி அதில்லீங்க. நான் தப்பா எழுதிட்டேன்."

மேஸ்திரி பம்பின் பிடியை விடவில்லை. "எனக்குத் தாக்கீது வந்திருக்குதுங்க. படத்துல கறுப்புன்னு தொரை எழுதியிருக்காரு. நீங்க இப்ப வந்து இல்லீங்கறீங்க."

அவரை வேலிக்கு அழைத்துப் போனேன். பனி உலராத பூச்சிகள் முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை இறக்கையோடு சேர்த்து இரு விரலால் மெல்லப் பிடித்துத் திருப்பிக் காட்டினேன். விலா சிவந்திருந்தது. அதிகாரியின் வர்ணத்தாளைப் பக்கத்தில் வைத்தேன். மேஸ்திரி குனிந்து பார்த்தார், இன்னொன்றைத் தாமே எடுத்துப் பார்த்தார், மூன்றாவதையும் பார்த்தார்.

"செவப்புத்தானுங்க" என்றார். "ஆனா நாளைக்கு என்னைக் கேப்பாங்களே? ஒரு காயிதத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நிறுத்திக்கறேன்."

தாக்கீதின் பின்புறத்திலேயே எழுதினேன்: இத்தோட்டத்துப் பூச்சியின் பெயரை நான் பிழையாக எழுதினேன், பிளேட்டில் சிவப்பு கறுப்பாக விழும் என்பதை அறிந்திருந்தும் கவனியாது விட்டேன், தோட்டக்காரர் மேல் குற்றமில்லை. கையெழுத்திட்டேன். அக்காகிதத்தால் அந்த மாத முடிவில் ஸ்டூடியோவை விட்டு விலக நேர்ந்தது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. மேஸ்திரி முதுகிலிருந்து பம்பைக் கழற்றி இறக்கியபோது, பல நாட்களுக்குப் பின் நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

அந்த மூச்சிலேயே தாளிப்பின் வாசனை வந்தது. கறிவேப்பிலை எண்ணெயில் பொரியும் வாசனை.

நான் வீட்டை நோக்கி ஓடினேன். அம்மையார் அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். கொள்ளு ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அந்தக் கருவப்பிலை எங்க பறிச்சதுங்க?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "கெணத்தடியிலதான். அந்த மேஸ்திரி அக்கட்டால திரும்புனப்ப ஒரு கொத்து ஒடிச்சேன். மூணு தண்ணிக்கு நாலு தண்ணி ஊத்திக் கழுவியாச்சு. ஏனுங் தம்பி?"

"கழுவினா போகாதுங்கம்மா. ஆராவது தின்னாங்களா?"

அவர் துணி பிடிக்காமலே சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைக் குழியில் கவிழ்த்து, மேலே மண்ணைத் தள்ளினார். கை வெந்ததை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. திரும்பி வந்தபோது மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"அம்மிணி, நீ வாயில வெச்சியா?"

"உப்புப் பாக்கச் சொன்னீங்களேங்கத்தை. உள்ளங்கையில ரெண்டு சொட்டு ஊத்திக் குடிச்சேன். ஒரு இலையும் வந்துச்சு. மென்னுட்டேன்."

பின்னாலேயே வந்த மேஸ்திரி தலையில் கைவைத்தார். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கச் சொன்னார். பிறகு முட்டையின் வெள்ளைக்கரு, அதன்மேல் பால். எல்லாம் கொடுத்தோம். வயிற்றைப் பிடித்தாலோ, கைகால் சில்லிட்டாலோ ஆபத்து என்றும், நஞ்சு ஏறியிருந்தால் பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும் என்றும் அவர் சொன்னார். வைத்தியரை அழைத்துவர என் சைக்கிளிலேயே புறப்பட்டுப் போனார். வைத்தியர் வெளியூர் போயிருந்தார் என்று வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து சொன்னார்.

அதற்குள் குழந்தை பசித்து அழ ஆரம்பித்துவிட்டது.

மருமகள் மாராப்பை ஒதுக்கினாள். அம்மையார் பாய்ந்து குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார். "வேண்டாங் கண்ணு. உன்ற பால்ல அது எறங்கியிருந்தா?"

அவ்வளவு நேரமும் கலங்காதிருந்த அப்பெண் அப்போதுதான் அழுதாள். தன் வயிற்றைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து, வெள்ளைத் துணித்திரியில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தோம். அது திரியைத் துப்பியது. மறுபடி வைத்தோம், மறுபடி துப்பியது. அந்தக் குரல் முதலில் கோபமாக இருந்தது. நடுப்பகலில் கெஞ்சலாயிற்று. பிறகு கரகரத்து, விட்டுவிட்டு வந்தது. மருமகளின் ரவிக்கை பால் சுரந்து நனைந்தது. அவள் சுவரோடு முகத்தை வைத்துக்கொண்டு காதைப் பொத்தினாள்.

நான் வாசற்படியருகே தரையில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் போகவும் எவரும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அம்மையார் நாழிகைக்கு ஒருமுறை மருமகளின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். "சில்லுனு இருக்குதா?" என்று என்னையே கேட்பார். நானும் தூரத்திலிருந்து அந்தப் பாதத்தைப் பார்ப்பேன். அவள் ஒருமுறை புரண்டு படுத்தபோது எங்கள் இருவர் மூச்சும் நின்றது. கால் மரத்துவிட்டது என்றாள். ஒருமுறை தண்ணீர் கேட்டாள். தாகமும் ஓர் அடையாளமோ என்று அம்மையாரின் கை செம்பிலேயே நின்றது. உப்புத்தண்ணீர் குடித்து வாந்தியெடுத்தவளுக்குத் தாகம் எடுக்காதா என்று என் மனம் வாதிட்டது. எடுக்கும், பாஷாணம் தின்றவளுக்கும் எடுக்கும் என்று அதே மனம் பதில் சொன்னது. ஒரே தோற்றமுள்ள இரண்டு தாகங்களைப் பிரித்துச் சொல்ல என்னிடம் வர்ணத்தாள் எதுவும் இல்லை.

வெயில் எலுமிச்சை வரிசைக்கு அப்பால் இறங்கியது. மருமகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்கத்தை. பசிக்குது."

அம்மையார் அவள் நெற்றியைத் தொட்டார், கையைத் தொட்டார், பாதத்தைத் தொட்டார். குழந்தை அவர் தோளில் அழவும் வலுவின்றி விக்கிக்கொண்டிருந்தது. என்பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க படிச்சவரு. பால் குடுக்கலாமுங்களா?"

கொடுக்கலாம் என்று சொல்ல என் வாய் திறந்தது. பழக்கம் அப்படி. ஆனால் குழந்தையின் முகம் அந்த அம்மையாரின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தபடி இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்கம்மா" என்றேன். "நான் படிச்சவனில்லீங்க."

அவர் மருமகளை அருகில் வரச்சொல்லி, மாரிலிருந்து முதலில் வருவதைத் தரையில் பீய்ச்சச் சொன்னார். ஒருமுறை, மீண்டும் ஒருமுறை, மண் ஈரமாகும்வரை. அதன்பின் குழந்தையைக் கொடுத்தார். அது முட்டி மோதிப் பற்றிக்கொண்டது. விழுங்கும் ஓசை அவ்வளவு தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு விழுங்கலையும் அம்மையாரின் உதடு எண்ணுவதுபோல அசைந்தது.

குடித்து முடித்துக் குழந்தை உறங்கிற்று. அதன் மார்பு ஏறி இறங்குவதை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரி தொலைவில் நின்று, விளக்கு வைக்கும் நேரமாயிற்று, போகலாமா என்று சைகை காட்டினார். நான் எழவில்லை. இனி அஞ்ச வேண்டியதில்லை என்று யார் எப்போது சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.